பதினேழாம் எண் பட்டை

என் சகலையை இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எடுத்துச் சொன்னால் இன்னும் எரியும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். எனக்கும் அவனுக்கும் ஒரே தொழில், உடற்பயிற்சி ஆசிரியர். நான் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து, மச்சினி கேட்டாளே என்று பிரின்சிபால் மேடத்திடம் போய், "நல்ல பையன் மேடம், சொன்ன பேச்சு கேப்பான்" என்று சிபாரிசு செய்தேன். கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். என் அப்பாவின் துணிக்கடைக்கு எதிரே இன்னொரு துணிக்கடை பலகை மாட்டிய அன்று, அப்பா எங்கள் வீட்டில் யாரையும் வாசல் பக்கமே விடவில்லை. அந்த அப்பாவுக்குப் பிறந்தவன் எதிர்க்கடையைத் தானே கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ரிப்பனையும் வெட்டி, கை தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆறு வருடம் தொந்தரவில்லை. அவன் "அண்ணே, அண்ணே" என்று பின்னால் வந்தான். நான் முன்னால் நடந்தேன். இந்த வருடம் எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். அவர் அறை காலியானது. அறை என்றால் அரண்மனை இல்லை. பந்து, வலை, கோன் எல்லாம் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூமை ஒட்டி ஒரு மேசை, கதவு சரியாக மூடாத ஒரு பீரோ, மைதானத்தைப் பார்த்த ஜன்னல். அவ்வளவுதான். ஆனாலும் அங்கே உட்கார்ந்தால் மற்றவன் நம்மிடம் வந்து நின்று பேச வேண்டும். எனக்கு அது போதும்.

அது எனக்குத்தான் என்று ஊழியர்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பிரின்சிபாலுக்கு மட்டும் தெரியவில்லை.

அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு மேசைமேல் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே முப்பத்திரண்டு கறுப்புப் பட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. சட்டைக்குள்ளே நெஞ்சில் கட்டிக்கொண்டால், நிமிடத்துக்கு எத்தனை முறை இதயம் துடிக்கிறது என்று விளையாட்டுக் கூடத்தின் சுவரில் பெரிய திரையில் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம். சும்மா இருந்தால் சாம்பல் நிறம், அசைந்தால் நீலம், பிறகு பச்சை, மஞ்சள், உயிரைக் கொடுத்து ஓடினால் சிவப்பு.

"இந்த டெர்ம் முழுக்க ரெண்டு பேரும் இதை வெச்சுத்தான் வகுப்பு நடத்தணும்" என்றார் மேடம். "கடைசியில நிர்வாகக் குழு வந்து பாக்கும். யார் நல்லா நடத்துறாங்களோ அவங்க துறைத் தலைவர்."

"சரிங்க மேடம்" என்றான் சகலை.

"இதுல என்ன மேடம் இருக்கு" என்றேன் நான்.

இருந்தது. நிறையவே இருந்தது. பட்டையைத் தண்ணீரில் நனைத்தால்தான் துடிப்பைப் பிடிக்கும். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே குழாய். மெலிந்த பிள்ளைகளுக்குப் பட்டை இடுப்புக்கு இறங்கும். பருமனான பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டுவார்கள், விட்டால் கொக்கி தெறிக்கும். நாற்பது நிமிட வகுப்பில் மாட்டப் பதினைந்து, கழற்றப் பத்து. மிச்சம் பதினைந்தில் பாதி நேரம் திரை 'இணைப்பு தேடுகிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, முப்பத்திரண்டு பட்டையும் உயிரோடு இருந்தால்தான் அந்த இயந்திரம் வகுப்பைத் தொடங்கும். ஒரு பிள்ளை விடுப்பு என்றால் அந்தக் கட்டத்தை நீக்க, பட்டை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு ரகசிய எண் வாங்க வேண்டும். அவர்கள் போனை எடுப்பதற்குள் வகுப்பு முடிந்து மணி அடித்துவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. வராத பிள்ளையின் பட்டையை நாங்களே சட்டைக்குள் கட்டிக்கொள்வோம். இரண்டு பேர் வரவில்லை என்றால் வாட்ச்மேனையும் கூப்பிட்டுக் கட்டுவோம். சாயங்காலம் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே பதிவானதைச் சகலை மறக்காமல் அழித்துவிடுவான். நான் மறந்துவிடுவேன். என் வகுப்பில் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த ஒரு பையன், அந்த வாரம் 'மிகச் சிறப்பு' வாங்கியிருந்தான்.

இதற்கு நடுவில் என் வகுப்பில் 'ரயில்' என்று ஒரு பெண். பள்ளியிலேயே வேகமாக ஓடுபவள். ஓட ஓட அவள் இதயம் அலட்டிக்கொள்ளவே இல்லை. கட்டம் நீலத்தைத் தாண்டவில்லை. வாராந்தர அறிக்கை, 'இன்னும் முயற்சி தேவை' என்றது. அவள் அப்பா நேரில் வந்து, "என் பொண்ணு முயற்சி பண்ணலைன்னா அப்புறம் யார் பண்றா, நீங்களா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார். இன்னொரு பையனுக்குக் கயிறு ஏறுவதென்றால் பயம். கயிற்றைப் பார்த்தபடி மூலையில் நின்றே அவன் சிவப்பைத் தொட்டான். அவனுக்குப் பாராட்டு.

சகலையின் வகுப்பில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. எப்படி இல்லாமல் போகும்? சரக்கைப் பார்க்கும் முன்னால் விற்பவன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு. இவன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று தீர்மானித்தேன்.

வீட்டில் அதைவிட மோசம். அக்காவும் தங்கையும் நாள் தவறாமல் போனில் பேசுவார்கள். அந்தப் பேச்சு, சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்து என் முன்னால் வந்து இறங்கும்.

"தங்கச்சி பேசினா" என்பாள் மனைவி.

"என்னவாம்?"

"அவர் ஏதோ புதுசா அட்டவணை போட்டிருக்காராம். மத்த பிள்ளைங்களோட ஒப்பிடாம, அந்தந்தப் பிள்ளையோட போன வாரத்தையும் இந்த வாரத்தையும் மட்டும் பாக்குறாராம். பிரின்சிபால் ரூமுக்கே கூப்பிட்டுக் கை குடுத்தாங்களாம்."

"கைதானே குடுத்தாங்க. கிரீடமா வெச்சாங்க?"

"ஏங்க, நீங்களும் அப்படிப் போட்டா என்னவாம்? அவர்கிட்ட கேட்டாச் சொல்லிக் குடுக்க மாட்டாரா?"

"நான் அவன்கிட்டக் கேக்கணுமா?"

"கேட்டா வாய் வெந்தா போகும்?"

"சோத்தைப் போடு."

மறுநாள் அவன் வகுப்பு நேரத்தில் கூடத்தின் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரில் வரிசையாக முப்பத்திரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் எண். கீழே ஒரு தட்டில் நனைந்த பஞ்சு. பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள், பட்டையை எடுத்தார்கள், பஞ்சில் ஒரு தேய்ப்பு, அறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். மெலிந்த பிள்ளைகளின் பட்டையில் முன்பே ஊசி நூலால் மடித்துத் தைத்திருந்தது. நான்கு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நான்கே நிமிடம். ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கப் போனவனுக்கு அவன் மூளைதான் அகப்பட்டது. அதைவிடப் பெரிய ஏமாற்றம் உண்டா? அந்தத் தையல் மச்சினியின் கைவேலை என்று தெரிந்தபோது வயிறு இன்னொரு சுற்று எரிந்தது. என் வீட்டில் சட்டைப் பொத்தானுக்கே மனு கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் வீம்பாக இருந்தேன். பிறகு நானும் கொக்கி அடித்தேன். அவனுடையது சிவப்பு. அதனால் நான் நீலம் வாங்கினேன்.

நிர்வாகக் குழு வந்தது. மூன்று பேர். செயலாளர், மரக்கடை வைத்து நடத்தியவர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு டாக்டரம்மா. இன்னொருவர் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தவர், அவரை விட்டுவிடலாம். கூடவே பட்டை விற்ற கம்பெனியின் ஆள், கழுத்தை இறுக்கும் டையோடு.

முதலில் என் வகுப்பு. திரை ஏழு நிமிடம் இணைப்பைத் தேடியது. நான் விசிலை ஊதி, பிள்ளைகளை ஓடவிட்டுச் சமாளித்தேன். "நல்லா ஓடுறாங்க" என்றார் செயலாளர். மரக்கடையில் விலை படியாத வாடிக்கையாளரிடம் 'போயிட்டு வாங்க' என்பாரே, அந்தக் குரலில்.

அடுத்து சகலை. தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஸ்டோர் ரூமில் என்னைப் பிடித்தான். கையில் ஒரு பட்டை, பதினேழாம் எண்.

"அண்ணே, ஒரு உதவி. ஒரு பிள்ளை வரலை. வழக்கமா நானே கட்டிக்குவேன். இன்னைக்கு நான் பிள்ளைங்களோட குதிச்சுக்கிட்டே இருப்பேன், கணக்கு மேலயும் கீழயும் போகும். நீங்க சும்மாதானே உக்காந்திருக்கப் போறீங்க. சாம்பல் கலர்லயே கிடக்கும். யார் கண்ணுலயும் படாது."

சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேனாம். அதைக்கூட அவன் பணிவாகத்தான் சொன்னான். அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் குணம் அந்தப் பணிவு. மறுத்தால் அற்பன் ஆகிவிடுவேன் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பட்டை ஜில்லென்று நெஞ்சில் ஒட்டியது.

அவன் பிள்ளைகளை முதலில் தரையில் மல்லாந்து படுக்கவைத்தான். மூன்று நிமிடம் யாரும் அசையக் கூடாது. "ஓய்வுல இருக்கும்போது எவ்வளவு துடிக்குதுன்னு முதல்ல பாத்தாத்தான், ஓடினதுக்கு அப்புறம் எவ்வளவு ஏறிச்சுன்னு தெரியும்" என்று குழுவுக்கு விளக்கினான். திரை முழுக்கச் சாம்பல். முப்பத்திரண்டு கட்டமும் மழை மேகம் மாதிரி அமைதியாகக் கிடந்தன.

"பிரமாதம்" என்றார் டாக்டரம்மா.

பதினேழு நீலமானது.

"இவர் வந்த பிறகுதான் நம்ம உடற்பயிற்சித் துறைக்கே ஒரு ஒழுங்கு வந்திருக்கு" என்றார் பிரின்சிபால். பதினைந்து வருடம் நான் அந்த மைதானத்தில் காய்ந்திருக்கிறேன். பதினேழு பச்சையானது.

"கொக்கி, பஞ்சு, தையல்... எல்லாம் இவரோட யோசனை. இன்னொரு சாரும் இதைப் பாத்துத்தான் செய்றார்."

மஞ்சள். ஒரே மூச்சில் சிவப்பு. நூற்று நாற்பத்தெட்டு.

சாம்பலுக்கு நடுவே அந்த ஒரு கட்டம் மட்டும் தணல் மாதிரி மின்னியது. டாக்டரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பதினேழு எந்தப் பிள்ளை? படுத்திருக்கும்போதே நூத்தி நாப்பத்தெட்டா? அந்தப் பிள்ளையை உடனே எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க!"

பிள்ளைகள் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செயலாளர் வருகைப் பதிவேட்டை எடுத்து, விரலை வைத்துக் கீழே இறக்கினார். விரல் நின்றது.

"பதினேழு இன்னைக்கு வரவே இல்லையே."



"வராத பிள்ளைக்கே நூத்தி நாப்பத்தெட்டு" என்றார் செயலாளர். "வந்திருந்தா கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும் போல. ஏன்யா, டெர்ம் முழுக்க நீங்க காட்டின கணக்கும் இந்த மாதிரிதானா?"

கம்பெனி ஆள் டையைத் தளர்த்தினார். பிரின்சிபாலின் முகம் சுண்டிவிட்டது. சகலை என்னைப் பார்த்தான். நான் கைகட்டி, கால்மேல் கால் போட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் நெற்றியில் வேர்வை. அவன் திரையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் ஏறுகிறது என்பது உட்பட எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஒரு விரலை நீட்டினால் போதும், அவன் தப்பித்துவிடுவான். நான் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் விரலை நீட்டவில்லை. யாரும் தன் பார்வையைத் தொடர்ந்து என்னிடம் வந்துவிடக் கூடாது என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "பட்டையில கோளாறு சார். காலையிலயே நான் சோதிச்சிருக்கணும். என் தப்பு" என்றான்.

முடிந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அந்த அறை என்னுடையது. மேசை, பீரோ, ஜன்னல், எல்லாம். இவ்வளவு மலிவாக எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

அப்போது டாக்டரம்மா பிரின்சிபால் பக்கம் சாய்ந்து சொன்னது என் காதில் விழுந்தது. "பாருங்க, தயங்காம ஒத்துக்கிறார். இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?"

நூற்று அறுபத்தொன்று.

கெட்டிக்காரன் என்ற பெயர் அவனுக்கு. சரி, போகட்டும். பணிவானவன், அதுவும் போகட்டும். இப்போது என்னைக் காப்பாற்றிய உத்தமன் என்ற பெயரும் அவனுக்கேயா? ஒரு மனிதனுக்கு மொத்தக் கடையையும் எழுதிக்கொடுக்க முடியுமா? எனக்கென்று ஒரு முழத் துணிகூட மிஞ்ச வேண்டாமா?

எழுந்துவிட்டேன்.

"அவன் பொய் சொல்றான்."

எல்லோரும் திரும்பினார்கள். சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றினேன். பட்டை தெரிந்தது.

"பதினேழு நான்தான். முப்பத்திரண்டு பட்டையும் வேலை செஞ்சாத்தான் இந்த மெஷின் கிளம்பும். அதனால வராத பிள்ளைங்க பட்டையை நாங்க கட்டிக்குவோம். சாயங்காலம் அந்தக் கணக்கை அவன் அழிச்சிடுவான். அழிக்காம விட்டது நான். அவன் கணக்கு சுத்தம்."

"அண்ணே, உக்காருங்க" என்றான் சகலை மெதுவாக.

"நீ சும்மா இரு."

டாக்டரம்மா அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சார், நெஞ்சு வலிக்குதா? இடது கை மரத்துப்போற மாதிரி இருக்கா?"

நல்ல வழி. 'ஆமாம்' என்று நெஞ்சைப் பிடித்திருந்தால் மானம் தப்பியிருக்கும். பழமும் ஹார்லிக்ஸும் வந்திருக்கும். ஆனால் அந்த வழியில் இரண்டடி முன்னால் போய்ப் பார்த்தேன். அவன் கொண்டுவந்த பட்டையால் என் உயிரே பிழைத்தது என்று ஊரெல்லாம் பேசும். உயிர் காத்த புண்ணியவான் என்று பிரின்சிபால் மேடையில் ஏற்றுவார். வேண்டவே வேண்டாம்.

"நோயெல்லாம் இல்லை டாக்டரம்மா. நீங்க அவனைப் பாராட்டுறீங்க, இது ஏறுது. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் மட்டும் முன்னால் குனிந்தார். சரக்கைத் தட்டிப் பார்க்கும் கண்கள் வந்துவிட்டன அவருக்கு.

"அப்படியா? பாத்துடுவோம்" என்று திரையைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னார். "தம்பி ரொம்பக் கெட்டிக்காரர்."

நூற்று அறுபத்தைந்து.

"பெரிய சார் வகுப்புலயும் பிள்ளைங்க நல்லா ஓடினாங்க. நான் கவனிச்சேன்."

நூற்று ஐம்பத்து மூன்று. நூற்று நாற்பத்தாறு.

"ஆனா தம்பி அளவுக்கு இல்லை."

நூற்று அறுபத்தெட்டு.

படுத்திருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார்கள். "சார், இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று ஒருத்தி கத்தினாள். கம்பெனி ஆள் தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரக்கு அசல்தான். நாப்பது வருஷம் வியாபாரம் பண்ணியிருக்கேன், இப்படித் துல்லியமான தராசைப் பாத்ததில்லை."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்தத் திரையை அணைங்க" என்றார் பிரின்சிபாலிடம். "வளர்ந்த மனுஷன் நெஞ்சுக்குள்ளேயே இவ்வளவு ஓடுதுன்னா, பிள்ளைங்க நெஞ்சுல என்னென்ன இருக்கும்? அதை எல்லாரும் பாக்கச் சுவத்துல போடலாமா? இந்த நம்பரெல்லாம் டீச்சர் கையில மட்டும் இருக்கட்டும்." பிரின்சிபால் தலையாட்டினார். திரை அணைந்தது. எனக்குக் கொஞ்சம் காற்று வந்தது.

துறைத் தலைவர் பதவி சகலைக்கு. அங்கேயே, அப்போதே சொல்லிவிட்டார்கள். நான் கை கொடுத்தேன். அவன் கையைப் பிடித்தபடி, "அண்ணே, எதுக்குண்ணே?" என்றான்.  தன்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துவிடுவானோ என்று பயந்து, சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தனை பேர் முன்னாடியா? பொறாமைன்னு நீங்களே வாயால சொன்னீங்களா? கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" அப்புறம் சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரித்தாள். பாத்திரச் சத்தத்தை மீறிக் கேட்டது.

மறுநாள் காலை கூட்டத்தில் பிரின்சிபால் அவன் பதவியை அறிவித்தார். பிள்ளைகள் ஒழுங்காகக் கை தட்டினார்கள். பிறகு மேடம், "தன்னைப் பத்தி உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்னு நேத்து ஒருத்தர் நமக்குக் காட்டினார்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தாமதம், "பதினேழு! பதினேழு!" என்று மொத்தப் பள்ளியும் கூவியது. மணி அடித்த பிறகும் அடங்கவில்லை. 'ரயில்' ஓடி வந்து என்னிடம் கையெழுத்து வாங்கினாள். அவளைப் பார்த்து நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். சகலை மேடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாக இறங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் மனைவி போனை வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"தங்கச்சி பேசினா. அவர் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம்."

"ஏனாம்? அதான் பதவி வந்துடுச்சே."

"அதைத்தான் அவளும் கேட்டாளாம். 'பதவி எனக்கு, கைதட்டல் பூரா அவருக்கா? டெர்ம் முழுக்க நான் உழைச்சேன், பொறாமைப்பட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவர் பேரைத் தட்டிக்கிட்டுப் போயிட்டாரே'ன்னு கத்துறாராம். காப்பி குடுத்தா வேண்டாங்கிறாராம்."

கையிலிருந்த செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"என்ன சொன்னான்? முதல்லேர்ந்து சொல்லு. ஒரு வார்த்தை விடாம."

"இப்பத்தானே சொன்னேன்?"

"காதுல சரியா விழலை."

நான்கு முறை சொல்லவைத்தேன். நான்காவது முறை அவள் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தே சொன்னாள். நான் தடுக்கவில்லை.